கணினி படிக்காத பெயர்கள்

நிரல் எழுதுவோர் நாள்தோறும் செய்யும் வேலைகளுள் மிக எளிதாகத் தோன்றுவதும், மிக அதிகமான வாக்குவாதத்துக்கு இடம் தருவதும் பெயரிடும் வேலையே ஆகும். ஒரு மதிப்பை ஏந்தி நிற்கும் இடமாகிய மாறிக்கும், ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்கும் கட்டளைத் தொகுப்பாகிய செயற்கூறுக்கும், அவற்றை அடக்கிய கோப்புக்கும், தரவுத்தளத்தின் அட்டவணைக்கும் அதன் பத்திகளுக்கும் என, நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருளில்கூடப் பல்லாயிரம் பெயர்கள் இடப்படுகின்றன. அவற்றின் பொருளில் கணினிக்கு அக்கறை இல்லை. மனிதர் எழுதிய நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, பிறகு அவற்றை முகவரிகளாக மாற்றிக்கொள்கிறது. ‘சம்பளம்’ என்ற மாறியில் ஊழியரின் வயதை இட்டு வைத்தாலும் அது முகம் சுளிப்பதில்லை. ஆகவே நிரலில் உள்ள பெயர் முழுக்க முழுக்க மனிதருக்காக எழுதப்படுவது. அதிலும் பெரும்பாலும், எழுதியவர் வேலையை விட்டுப் போன பின்னர் அக்கோப்பைத் திறந்து விழிக்கப்போகும் வேறொருவருக்காக எழுதப்படுவது.

கணினி அறிவியலில் கடினமானவை இரண்டே என்று நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபில் கார்ல்டன் சொன்னதாக இத்துறையில் ஒரு கூற்று வழங்குகிறது. வேகம் கருதிப் பக்கத்தில் எடுத்து வைத்த நகல் எப்போது காலாவதியாகிறது என்று அறிவது ஒன்று, பெயரிடுவது மற்றொன்று. முதலாவதற்குப் பாடநூல்களில் அத்தியாயங்கள் உண்டு. இரண்டாவதோ, வேலையில் அமர்ந்த பின், பிறர் இட்டுச் சென்ற பெயர்களிடம் ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொள்ளப்படுவது. அவ்வாறு கற்றவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்: அழகிய பெயரைவிட உண்மையான பெயர் மேலானது, உண்மையை நேரே சொல்லக் கூச்சமாக உள்ள இடத்தில் நகைச்சுவை அதைச் சொல்ல வழிவிடுகிறது, உண்மை கலவாத நகைச்சுவையோ சில மாதங்களில் பராமரிப்புச் செலவாக மட்டும் எஞ்சுகிறது.

பழைய நிரல்களில் பெயர்கள் குறுகிக் கிடப்பதற்கு எழுதியவர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயர் 6 எழுத்துகளைத் தாண்ட முடியாது. அக்கணினியின் நினைவகம் 36 பிட் கொண்ட அலகுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது, ஓர் எழுத்துக்கு 6 பிட் என்ற கணக்கில் ஓர் அலகுக்குள் 6 எழுத்துகளே அடங்கின. அம்மொழியின் மற்றொரு விதிப்படி, ஆங்கில எழுத்து ‘ஐ’ முதல் ‘என்’ வரை எதிலேனும் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறிக்கும்; ஏனைய எழுத்துகளில் தொடங்குவது மெய்யெண்ணைக் குறிக்கும். வரிசை எண்ணுக்கு ஐ, ஜே என்று எழுதும் கணித வழக்கத்தோடு இவ்விதியும் சேர்ந்துகொண்டதால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக் கட்டளையில் எண்ணிக்கையை ஏந்தும் மாறிக்கு ‘ஐ’ என்று பெயரிடும் பழக்கம், ஃபோர்ட்ரானைக் கண்ணாலும் காணாத தலைமுறையின் விரல்களிலும் தங்கிவிட்டது. ‘காட்’ என்ற பெயர் ‘ஜி’ எழுத்தில் தொடங்குவதால், முழு எண் என்று தனியே அறிவிக்கப்படும்வரை கடவுள் மெய்யானவரே என்பது அக்காலத்து நிரலாளர்களின் வேடிக்கை. விதியைப் புரிந்துகொள்ளாமல் சிரிக்க முடியாது என்பதால் அவ்வேடிக்கை பாடமாகவும் பயன்பட்டது.

சி மொழியிலும் இத்தகைய நெருக்கடி இருந்தது. தனித்தனியே உருவாக்கப்பட்ட நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் என்ற கருவி அன்றைய கணினிகள் பலவற்றில் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டுமே பார்த்தது என்பதால், 1989-இல் வகுக்கப்பட்ட அம்மொழியின் தரவிதிகூட, வெளியிலிருந்து அழைக்கப்படும் பெயர்களில் முதல் 6 எழுத்துகள் வேறுபட்டிருப்பதையே உறுதியாக நம்பச் சொன்னது. எழுத்துச் சரத்தைப் படியெடுக்கும் ‘எஸ்டிஆர்சிபிஒய்’, ஒப்பிடும் ‘எஸ்டிஆர்சிஎம்பி’ போன்ற உயிரெழுத்தில்லாப் பெயர்கள் அந்தச் சூழலின் எச்சங்கள். ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தில் புதிய கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’ என்ற செயற்கூறின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி ‘இ’ விடுபட்டதற்கு அப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் தெரியவில்லை. யூனிக்ஸைத் திரும்ப எழுத நேர்ந்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அந்த ‘இ’யைச் சேர்த்துவிடுவேன் என்று அதைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்சன் விடையளித்தது இத்தொழிலில் அனைவரும் அறிந்த செய்தி. திரும்ப எழுத நேரவில்லை. எழுத்துப் பிழை இன்றும் அப்படியே நீடிக்கிறது.

நீடிப்பதற்கான காரணம்தான் இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு பெயர் எழுதியவரின் கோப்புக்குள் இருக்கும்வரை அதை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். பிறருடைய நிரல்கள் அதைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிய பின்னர் அது பொதுச் சொத்தாகிவிடுகிறது. ஒரு வலைப்பக்கத்தைக் கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று உலாவி வழங்கிக்குச் சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்புக்கு ஓர் ‘ஆர்’ குறைவு. 1996-இல் வெளியான எச்டிடிபி 1.0 விவரக்குறிப்பிலேயே பிழையோடு அச்சேறிவிட்டதால், உலகத்தின் எல்லா உலாவிகளும் அப்பிழையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன. பின்னாளில் அத்தகவலை எவ்வளவு வெளியிடலாம் என்று கட்டுப்படுத்த வந்த ‘ரெஃபரர் பாலிசி’ என்ற தலைப்பு மட்டும் சரியான எழுத்துக்கூட்டலோடு பிறந்தது. இதனால் இரண்டையும் ஒரே கோப்பில் எழுதுபவர் ஒன்றில் பிழையாகவும் மற்றதில் பிழையின்றியும் எழுத நினைவு வைத்திருக்க வேண்டியுள்ளது.

எழுத்துப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். பொருள் மாறிப்போன பெயர் தெரிவதில்லை. 64 பிட் விண்டோஸ் இயங்குதளத்தில் ‘சிஸ்டம் 32’ என்ற கோப்புறைக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். ‘சிஸ்வாவ் 64’ என்ற கோப்புறைக்குள் இருப்பவை 32 பிட் கோப்புகள். முதல் பெயரைத் தம் நிரலுக்குள் எழுத்தெழுத்தாகப் பதித்து வைத்திருந்த எண்ணற்ற மென்பொருள்கள், 64 பிட்டுக்கு மாற்றப்படும்போது உடையக் கூடாது என்பதற்காக அப்பெயர் காப்பாற்றப்பட்டது. இரண்டாவது பெயர், 64 பிட் விண்டோஸின் மீது 32 பிட் விண்டோஸை இயக்கும் ஏற்பாட்டின் சுருக்கம். இரு பெயர்களுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தலை சுற்றுகிறது.

அதே விண்டோஸில் ‘டபிள்யூ-பாரம்’ என்றொரு பெயர் உண்டு. ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோனி வகுத்து, அவர் பிறந்த நாட்டை வைத்து ஹங்கேரியன் குறிமுறை என்று அழைக்கப்பட்ட வழக்கப்படி, பெயரின் முன்னொட்டு அதில் உள்ள மதிப்பின் வகையைச் சொல்ல வேண்டும். ‘டபிள்யூ’ என்பது 16 பிட் அளவுள்ள ‘வேர்ட்’ வகையைக் குறித்தது. விண்டோஸ் 32 பிட்டுக்கும் பிறகு 64 பிட்டுக்கும் வளர்ந்தபோது அம்மதிப்பும் வளர்ந்தது; முன்னொட்டு வளரவில்லை. ஒரு பெயரில் மாறக்கூடிய செய்தியை எழுதி வைத்தால், செய்தி மாறும் நாளில் பெயர் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. சிமோனியின் மூல நோக்கம் இத்தனை மோசமானதன்று. திரையில் வரிசை எண்ணைக் குறிக்கும் மாறியையும் பத்தி எண்ணைக் குறிக்கும் மாறியையும், இரண்டும் முழு எண்களே ஆயினும், முன்னொட்டால் வேறுபடுத்திக் காட்டி, ஒன்றை மற்றொன்றோடு கூட்டும் தவறு கண்ணில் படும்படி செய்வதே அவர் கருதியது. பின்வந்தவர்கள், கம்பைலருக்கு ஏற்கனவே தெரிந்த சேமிப்பு வகையைத் திரும்ப எழுதும் சடங்காக அதை மாற்றிக்கொண்டார்கள்.

பெயர் பொய் சொல்வதால் நேரும் கேட்டை அருகில் சென்று பார்க்க, 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு பொருத்தமான சான்று. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்து காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலகத்தில், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பில், ஒரு சிறு வசதி இருந்தது. தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு முனை சில எழுத்துகளை அனுப்பும். மறுமுனை அவற்றை அப்படியே திருப்பி அனுப்பும். இதை வகுத்த விவரக்குறிப்பில் அனுப்பப்படும் செய்திக்கு ‘பேலோட்’ என்றும், அதன் நீளத்துக்கு ‘பேலோட் லெங்த்’ என்றும் பெயர். நிரலிலோ நீளத்தை ஏந்திய மாறிக்கு ‘பேலோட்’ என்று பெயர் வைக்கப்பட்டது. உண்மையான செய்தி இருக்கும் இடத்தைச் சுட்டும் மாறிக்கு ‘பிஎல்’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே வாய்த்தன. திருப்பி அனுப்பும் வரியில் ‘பேலோட்’ அளவுக்குப் படியெடு என்று எழுதப்பட்டிருந்தது. எதிர்முனை தானே சொல்லிக்கொண்ட நீளம் அது, வந்து சேர்ந்த செய்தியின் நீளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற ஐயம் படிப்பவருக்கு எழ, அப்பெயர் எவ்வகையிலும் உதவவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் அனுப்பியதாகச் சொன்ன எவருக்கும், வழங்கியின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்தவையெல்லாம், கடவுச்சொற்களும் மறைச்சாவிகளும் உட்பட, அள்ளிக் கொடுக்கப்பட்டன. குறைபாட்டின் காரணம் விடுபட்ட ஒப்பீடுதான். பெயர் அதற்குத் திரையாக நின்றது. ‘எதிர்முனை சொன்ன நீளம்’ என்று அம்மாறி அழைக்கப்பட்டிருந்தால், சொன்னதை நம்பலாமா என்ற கேள்வி அவ்வரியிலேயே எழுந்திருக்கக்கூடும்.

அளவையின் அலகைப் பெயரில் சொல்லாமல் விடுவதும் இவ்வகைக் குற்றமே. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது இழக்கப்பட்டதற்கு, தரையில் இயங்கிய மென்பொருள் ஒன்று உந்துவிசைத் தாக்கத்தைப் பவுண்டு-விநாடிக் கணக்கில் எழுதியதும், அதைப் படித்தவர்கள் நியூட்டன்-விநாடி என்று கொண்டதும் காரணம் என விசாரணையில் தெரியவந்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. அந்நிரலின் பெயர் ‘சிறு விசைகள்’ என்ற பொருளுடையது. விசை என்று சொன்னது. எந்த அலகில் என்று சொல்லவில்லை. காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் மாறிக்கு ‘டைம்அவுட்’ என்று மட்டும் பெயரிடாமல் ‘டைம்அவுட் மில்லிசெகண்ட்ஸ்’ என்று எழுதும்படி அனுபவசாலிகள் வற்புறுத்துவது இத்தகைய இழப்புகளின் பின்னணியில்தான்.

பொய்யாகிப்போன பெயர்களுக்கு எதிர்வினையாக, தன் குற்றத்தைத் தானே அறிவிக்கும் பெயர்கள் தோன்றின. வலைப்பக்கங்களை அமைக்கப் பயன்படும் ரியாக்ட் நிரலகத்தில், வெளியிலிருந்து வந்த எச்டிஎம்எல் குறிகளை வடிகட்டாமல் பக்கத்தில் இட்டால், அவற்றோடு தீய நிரலும் உள்ளே புகுந்து பயனரின் கணக்கைக் களவாட இடமுண்டு. ஆனால் சில வேளைகளில் அவ்வாறு இடுவது தவிர்க்க முடியாதது. எனவே அவ்வசதிக்கு ‘டேஞ்சரஸ்லி செட் இன்னர் எச்டிஎம்எல்’ என்று பெயர் வைக்கப்பட்டது. ‘ஆபத்தான முறையில்’ என்ற அடைமொழியைத் தன் கையால் தட்டச்சிட்ட ஒருவர், அறியாமல் செய்தேன் என்று பிறகு சொல்ல முடியாது. ஒருவர் எழுதிய நிரலைச் சேர்க்கும் முன் மற்றவர்கள் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவிலும் அவ்வரி தானாகவே கண்ணை உறுத்தும். அதே நிரலகம், தன் உள்ளுறுப்புகளை வெளியார் தொடக் கூடாது என்பதற்காக, ‘இவை இரகசிய உள்ளுறுப்புகள், பயன்படுத்தாதீர், மீறினால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்’ என்று பொருள்படும் முழு வாக்கியத்தையே ஒரு பெயராக வைத்திருந்தது. அப்படியும் சில நிரலகங்கள் அதைத் தொட்டன. 19-ஆம் பதிப்பில் அம்மிரட்டல் நீக்கப்பட்டு, ‘பயன்படுத்தாதீர், மீறினால் புதிய பதிப்புக்கு மாற முடியாது என்று உங்கள் பயனர்களை எச்சரியுங்கள்’ என்ற பொருளுடைய பெயர் வந்தது. வேலை போகும் என்பது வேடிக்கை; பதிப்பு மாற முடியாது என்பது உண்மையான விளைவு. நகைச்சுவை குறைந்து செய்தி கூடிய இம்மாற்றம் பெயரிடும் கலையில் ஒரு முதிர்ச்சி என்றே கருதத்தக்கது. ஹாஸ்கெல் மொழியின் பைட்ஸ்டிரிங் நிரலகத்தில், பழுத்த அறிஞர்களும் தவறாகப் பயன்படுத்திய ஒரு செயற்கூறு ‘சபிக்கப்பட்டது, வாயால் சொல்லத் தகாதது’ என்ற அடைமொழிகளோடு இன்று நிற்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நகைச்சுவைப் பெயர்களுள் நிலைத்தவற்றைப் பார்த்தால், அவை ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சுமந்து நிற்பது புலப்படும். யூனிக்ஸில் இயங்கும் ஒரு நிரல் தன்னிலிருந்து மற்றொன்றைத் தோற்றுவித்தால் முன்னது பெற்றோர், பின்னது பிள்ளை. பெற்றோர் முந்தி முடிந்துவிட்டால் பிள்ளை அநாதை. பிள்ளை முடிந்தும் அதன் முடிவுக் குறிப்பைப் பெற்றோர் வாங்கிக்கொள்ளாதவரை அது இறந்தும் பட்டியலில் திரியும் ‘ஸாம்பி’. ஒருமுறை கேட்ட மாணவர் இவ்வுறவு முறையை மறப்பதில்லை. ஸாம்பியைக் கொல்ல முடியாது, ஏற்கனவே இறந்தது என்பதால் அதன் பெற்றோரைத்தான் கவனிக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப உண்மையும் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் கட்டளைக்குச் சப்வெர்ஷன் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி ‘பிளேம்’ என்றும் ‘பிரெய்ஸ்’ என்றும் பெயர்கள் வைத்தது; பழிப்பதற்கும் புகழ்வதற்கும் ஒரே விடைதான் வருகிறது என்பதை அலுவலக அரசியல் அறிந்தவர்கள் வியப்பின்றி ஏற்றுக்கொள்வார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய மற்றொரு பதிப்பு மேலாண்மைக் கருவியின் பெயரான ‘கிட்’, ஆங்கிலேயரின் பேச்சில் எரிச்சலூட்டும் ஆளைக் குறிக்கும் சொல். தம் படைப்புகளுக்குத் தம் பெயரையே வைப்பதாக அவர் தம்மையே கேலி செய்துகொண்டார்.

வேலையைச் சுமக்காத வேடிக்கையின் கதியை ஆண்ட்ராய்டில் காணலாம். திரையை இயக்குவது மனிதரா, கண்டபடி தட்டிச் சோதிக்கும் ‘மங்கி’ என்ற கருவியா என்று அறிய ‘பயனர் குரங்கா’ என்று கேட்கும் செயற்கூறு அதில் உண்டு. சோதனையின்போது குரங்கு தவறிப் பணம் அனுப்பிவிடாமலோ கணக்கை அழித்துவிடாமலோ தடுக்க அது பயன்படுகிறது. இதைத் தொடர்ந்து 4.2 பதிப்பில் ‘பயனர் ஆடா’ என்று கேட்கும் செயற்கூறும் சேர்க்கப்பட்டது. அதன் விடை எப்போதும் ‘இல்லை’. 5.0 பதிப்பில், ‘கோட் சிமுலேட்டர்’ என்ற விளையாட்டு நிறுவப்பட்டிருந்தால் ‘ஆம்’ என்று சொல்லும்படி வேடிக்கை விரிவாக்கப்பட்டது. பயனரின் கைபேசியில் எந்தச் செயலி இருக்கிறது என்பதை அனுமதியின்றி வெளிப்படுத்துவது அந்தரங்கத்துக்கு ஊறு என்பதால், 11-ஆம் பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு விடை மறுபடியும் ‘இல்லை’ என்று ஆக்கப்பட்டது. குரங்கைப் பற்றிய பெயருக்குப் பொருள் இருந்ததால் அது தொல்லை தரவில்லை. ஆட்டைப் பற்றிய பெயருக்கு மூன்று பதிப்புகளில் மூன்று விதமான நடத்தையை எழுதிக் காக்க நேர்ந்தது.

அன்றாட அலுவலகத்தில் இத்தகைய புகழ்பெற்ற பெயர்கள் அரிது. அங்கே ஆட்சி செய்பவை ‘டெம்ப்’, ‘டேட்டா’, ‘நியூ’, ‘ஃபைனல்’, ‘மேனேஜர்’, ‘யூட்டில்ஸ்’ ஆகியவை. ‘நியூ’ என்று பெயரிட்ட அறிக்கைக்குப் பிறகு மற்றொரு புதிய அறிக்கை வரும்போது அது ‘நியூ 2’ ஆகிறது. பழையதை நீக்க ஒருவருக்கும் துணிவு வராததால் மூன்றும் சேர்ந்து வாழ்கின்றன. ‘மேனேஜர்’ என்று முடியும் பெயர், உள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுதியவரே முடிவு செய்யவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம். இவற்றைவிடக் கொடியது, செய்வதில் பாதியை மட்டும் சொல்லும் பெயர். கடன் கணக்கு மென்பொருள் ஒன்றில் ‘நிலுவையைக் காட்டு’ என்ற செயற்கூறு நிலுவையைக் காட்டுவதோடு தவணை தவறியிருந்தால் அபராதத்தையும் பற்று எழுதுவதாகக் கொள்வோம். அறிக்கை அச்சிடும் பகுதியை எழுத வந்த புதியவர், காட்டுவதால் என்ன கெட்டுவிடும் என்று நம்பி அதை இருமுறை அழைத்தால், வாடிக்கையாளர் இருமுறை அபராதம் கட்டுவார். ‘அபராதம் எழுதிவிட்டு நிலுவையைக் காட்டு’ என்ற நீண்ட பெயர் அழகற்றதுதான். ஆனால் இரண்டு வேலைகளை ஒன்றாகக் கட்டியிருப்பது தவறு என்பதை அதன் நீளமே சொல்லிவிடும். பெயர் வைக்க வரவில்லை என்றால் பெரும்பாலும் பிழை பெயரில் இல்லை, அது சுட்டும் செயற்கூறின் அமைப்பில் இருக்கிறது.

தமிழ் பேசும் நிரலாளர்களுக்கு இதில் தனிச் சிக்கலொன்று உண்டு. உள்ளூர் நடைமுறைக்கே உரிய சொற்களை, ‘பட்டா’, ‘சிட்டா’, ‘வாய்தா’, ‘தண்டல்’ போன்றவற்றை, ஆங்கிலத்தில் பெயர்த்தால் பொருள் சிதையும் என்பதால் பலர் அவற்றை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் ஒருவர் தகரத்தை ‘டி’ என்றும் மற்றொருவர் ‘டிஎச்’ என்றும் எழுத, தேடும்போது பாதி இடங்கள் சிக்காமல் போகின்றன. பைதான் 3 உள்ளிட்ட மொழிகளில் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். அங்கும், ‘கொ’ என்பதை யூனிகோடில் மெய்யோடு ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுத முடியும். பைதான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிறது, ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்கின்றன. ஆதலால் குழுவாக வேலை செய்வோர் எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் இட்டுக்கொள்வது நலம்.

இத்தொழிலுக்கு வருவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சிலவே. சில வரிகளுக்குள் பிறந்து முடியும் மாறிக்கு ‘ஐ’ போதும். ஊரெல்லாம் அழைக்கப்போகும் செயற்கூறுக்கு முழுப் பெயர் வேண்டும். அளவை இருந்தால் அலகைச் சேர்க்க வேண்டும். ஆபத்து இருந்தால் ஆபத்து என்றே எழுத வேண்டும். தற்காலிகமானது என்று எழுதினால் நீக்கும் தேதியையும் எழுத வேண்டும். வேடிக்கையாகப் பெயரிட விரும்பினால், சிரிப்பு அடங்கிய பின்னும் அப்பெயர் ஏதேனும் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு இட வேண்டும். இவை எல்லாவற்றையும், பிறருடைய நிரல் அப்பெயரை ஒருமுறை அழைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அதன் பிறகு திருத்தும் உரிமை உங்களிடம் இராது.